சமீபத்தில் நர்ஸாக இருந்ததற்கான அத்தாட்சி

அந்த நாட்டில் நர்ஸ்களுக்கு அப்படி ஒரு பஞ்சம். செவிலியர் தகுதி மன்றத்தின் வாசலிலேயே இரண்டு ஆள் உயரத்துக்கு விளம்பரப் பலகை வைத்திருந்தார்கள். அதில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண் இரண்டு கைகளையும் விரித்து, "வாருங்கள்! உங்களுக்காகக் காத்திருக்கிறோம்!" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கை முடிகிற இடத்தில் வரிசை ஆரம்பிக்கும். வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேரும் நர்ஸ்கள். எந்த நாளும் இருநூறுக்குக் குறையாது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதில் மட்டும் பலகைக்கும் வரிசைக்கும் சின்னக் கருத்து வேறுபாடு.

அந்த வரிசையில் நம் சிஸ்டரும் ஒருவர். அவரை 'சிஸ்டர்' என்று கூப்பிடுவது அங்கே சட்டப்படி செல்லுமா என்பது சந்தேகம்தான். ஊரில் அறுபது படுக்கை வார்டைப் பத்தொன்பது வருஷம் கட்டி மேய்த்தவர். பெரிய டாக்டரே சிஸ்டரின் புருவத்தைப் பார்த்துவிட்டுத்தான் மருந்துச்சீட்டில் பேனாவை வைப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. புதிய நாட்டில் அவர் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை உதவியாளர், நிலை இரண்டு. நிலை ஒன்று என்றால் படுக்கையை விரிக்கலாம். நிலை இரண்டு என்றால் அதில் படுத்திருப்பவரைப் புரட்டியும் போடலாம். நாடி பிடித்துப் பார்ப்பதெல்லாம் அதிகாரத்துக்கு மீறியது.

இல்லத்தில் பதிவு பெற்ற நர்ஸ் ஒருத்தி இருந்தாள். வயது இருபத்திரண்டு. படிப்பு முடித்து எட்டு மாசம். நல்ல பெண், பயந்த சுபாவம். பன்னிரண்டாம் அறைத் தாத்தாவின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிவிட்டு ஒருநாள் காலையில் திருதிருவென்று விழித்தாள்.

"அக்கா, தொண்ணூறுக்கு அம்பதுனு காட்டுது. கொஞ்சம் பாருங்களேன்."

சிஸ்டர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் பாக்கக் கூடாதும்மா."

"வாயால சொன்னா போதும்க்கா."

"அதுவும் கூடாது. ஆனா ஜன்னலைப் பாத்துப் பொதுவா ஒரு விஷயம் சொல்றேன், இஷ்டம்னா கேட்டுக்கோ. இப்படி இருக்கிற ஒருத்தரைத் திடுதிப்புனு எழுப்பி உக்கார வைக்கக் கூடாது. தலைமாட்டைத் தாழ்த்தி, காலைக் கொஞ்சம் உயர்த்தி வச்சுட்டு, டாக்டருக்குப் போன் போடணும். காலையில குடுத்த பிரஷர் மாத்திரை எத்தனைனு சீட்டைப் பாக்கணும். வெளியில வெயில் நல்லா இருக்கில்ல?"

"ரொம்ப நல்லா இருக்குக்கா" என்று சின்ன நர்ஸ் தலைமாட்டைத் தாழ்த்தினாள்.

இல்லத்தின் நிர்வாகிக்கு இதெல்லாம் தெரியும். "மன்றத்துலேர்ந்து நம்பரை வாங்கிட்டு வாங்க, மறுநாளே வெள்ளை உடுப்பு" என்று அவர் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

நம்பர்தான் வரவில்லை. அதற்குள் ஐந்தாண்டு விதி நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக நர்ஸ் வேலை பார்த்து ஐந்து வருஷம் முடிந்துவிட்டால், அந்த ஆள் நர்ஸே இல்லை என்று மன்றம் முடிவு கட்டிவிடும். பிறகு கல்லூரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்து, மனித உடம்பில் எலும்புகள் எத்தனை என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சிஸ்டருக்கு நாற்பத்து நாலு வயது. சமீபத்தில் நர்ஸ் வேலை பார்த்திருந்தால்தான் நம்பர். நம்பர் இருந்தால்தான் நர்ஸ் வேலை.

"இது நம்ம பழமொழிதான்" என்றார் அவருடைய வீட்டுக்காரர். "பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்."

"இதுல நான் பைத்தியமா, மாப்பிள்ளையா?"

"நீ பொண்ணு வீட்டுக்காரி. பந்தியில கடைசியா நிக்கிறவ."

வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறவர். ஆனால் அவருடைய உண்மையான உத்தியோகம் சிஸ்டரின் விண்ணப்பக் கோப்பைத் தூக்குவதுதான். முதல் வருஷம் அது ஓர் உறைக்குள் இருந்தது. இரண்டாம் வருஷம் தோள்பைக்கு மாறியது. நாலாம் வருஷம் அதற்கென்று சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கினார்கள். ஊரிலிருந்து வந்தபோது அவர்களுடைய துணிமணிகளுக்கே அவ்வளவு பெரிய பெட்டி இல்லை.

கோப்பு கொழுத்த கதை தனி. எல்லாம் மன்றத்தின் நாலாம் ஜன்னலில் ஆரம்பித்தது. அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"உங்க பேருக்கு முன்னால ஓர் எழுத்து நிக்குதே, அது யாரு?"

"எங்கப்பாங்க."

"அவர் ஏன் உங்க பேர்ல வந்து நிக்கிறாரு?"

"எங்க பழக்கம் அப்படி. அப்பா முன்னால நிப்பாரு."

"பாஸ்போர்ட்ல வேற எழுத்து இருக்கே?"

"அது எங்க வீட்டுக்காரர். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் வந்துட்டாரு."

"அப்போ அப்பா எங்க போனாரு?"

"அப்பா சர்டிபிகேட்லயே தங்கிட்டாருங்க."

ஜன்னல் அம்மாள் இதைக் குறித்துக்கொண்டார். மூன்று மாசம் கழித்து மன்றத்தின் முடிவு வந்தது. நர்ஸ் பட்டம் பெற்றவர் சிஸ்டரின் தகப்பனார். விண்ணப்பித்தவர் சிஸ்டரின் கணவர். நடுவில் இருக்கும் பெண்மணி யார் என்பதற்கு ஆதாரம் தேவை. தகப்பனாருக்கும் நேரடியாக ஒரு கடிதம் போயிற்று, அவருடைய பணி அனுபவத்தை விவரிக்கச் சொல்லி. அவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "முப்பத்தோரு வருஷம் ஒரு புகார்கூட வாங்காமல் பணியாற்றினேன். பிரசவ வலி வந்த இரண்டு பெண்களைப் பஸ்ஸோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்திருக்கிறேன்" என்று எழுதினார். மன்றம் அவருடைய விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. வரிசையில் அவருடைய எண் மகளுடையதற்கு முப்பது இடம் முன்னால் இருந்தது.

அப்பாவையும் மகளையும் சட்டப்படி பிரித்து முடிப்பதற்குள் நன்னடத்தைச் சான்றிதழ் காலாவதியாயிற்று. அதன் ஆயுள் ஆறு மாசம், புதிதாக வாங்க எட்டு மாசம். அது வந்தபோது மொழித் தேர்வின் ஆயுள் முடிந்திருந்தது. மொழித் தேர்வை மறுபடி எழுதித் தேறியபோது, கல்லூரியில் கை கழுவுவது பற்றி எத்தனை மணி நேரம் படித்தார் என்ற விவரம் இல்லை என்றார்கள். கல்லூரிக்கு எழுதிக் கேட்டால், அங்கே இருந்த குமாஸ்தா "எப்போதும்" என்று எழுதி முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

"எப்போதும்னா எத்தனை மணி நேரம்?" என்றார் ஜன்னல் அம்மாள்.

"எப்பவும்தாங்க."

"எங்க கட்டத்துல மூணு இலக்கம்தான் போட முடியும்."

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று போட்டுக்கொண்டார்கள். இவ்வளவு கழுவியவருக்குக் கையில் ரேகை மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதைப்போல ஜன்னல் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

இத்தனையும் தாண்டி, ஐந்து வருஷம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது செய்முறைத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. தேறினால் அன்றைக்கே நம்பர். தவறினால் அடுத்த தேர்வு பதினாலு மாசம் கழித்து. அதாவது முதலாம் ஆண்டு, எலும்புகள்.

தேர்வு அறையில் ஒரு கட்டில். கட்டிலில் ரப்பர் பொம்மை. அதற்கு ஒரு கண் மூடாது. பக்கத்து மேஜையில் ஊசி, பஞ்சு, மருந்து, சர்க்கரை பார்க்கும் கருவி எல்லாம் ஒரு தட்டில். எதிரே இரண்டு பேர். தேர்வாளர் ஒல்லியான மனிதர். நாற்பது கேள்வி கொண்ட மதிப்பெண் தாளைக் கையில் பிடித்திருந்தார். காலையிலிருந்து பதினேழு பேரைச் சோதித்துப் பதினேழு பேரையும் தவறவைத்த களைப்பு அவர் முகத்தில். மூலையில் மேற்பார்வையாளர் அம்மையார், தேநீர்த் தட்டோடு.

"நோயாளிக்குக் கையில ஊசி போடணும். ஆரம்பிக்கலாம்" என்றார் தேர்வாளர்.

அறுபது பேருக்கு ஊசி போட வேண்டிய வார்டில் ஒரு வித்தை உண்டு. நோயாளியிடம் ஏதாவது கேட்க வேண்டும். அவர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்துவிட வேண்டும். பயப்படக்கூட அவருக்கு நேரம் கொடுக்கக் கூடாது. பத்தொன்பது வருஷத்தில் அது சிஸ்டரின் கையோடு ஊறிப்போயிருந்தது. கையைக் கழுவினார், மருந்தைச் சரிபார்த்தார், பொம்மையின் பக்கம் குனிந்து "சாப்பிட்டீங்களா?" என்றார், பஞ்சை வைத்து அழுத்தினார்.

தேர்வாளர் அப்போதுதான் பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார். "ம், போடுங்க."

"போட்டாச்சு சார்."

"எப்போ?"

சிஸ்டர் காலி ஊசியைக் காட்டினார். தேர்வாளர் தாளைப் பார்த்தார். நாற்பதில் முதல் ஒன்பதும் பேச்சு.

"நீங்க யாருன்னு நோயாளிகிட்ட சொல்லல. ஊசி போடலாமானு அனுமதி கேக்கல."

"கேட்டா இது பதில் சொல்லாதே சார்."

"முப்பது விநாடி காத்திருக்கணும். மறுபடி கேக்கணும்."

"அப்பவும் சொல்லலைன்னா?"

"அது வேற தேர்வு. அதுக்குத் தனியா விண்ணப்பிக்கணும்." அவர் பக்கத்தைத் திருப்பினார். "அப்புறம், சாப்பிட்டீங்களானு கேட்டீங்க. இந்த நோயாளிக்கு இன்னிக்கு ஆபரேஷன். நேத்து ராத்திரியிலேர்ந்து பட்டினி. அவருக்குப் போய்ச் சாப்பாட்டை ஞாபகப்படுத்தினது மன உளைச்சல் தர்ற செயல். அதுக்கு நாலு மார்க் கழிவு."

சிஸ்டர் பொம்மையைப் பார்த்தார். மூடாத கண்ணோடு அது கொஞ்சம் மனம் வருந்தியது போலத்தான் இருந்தது. தேர்வாளரைப் பார்த்தார். அவருடைய பேனா நடுங்கியது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அறையில் அப்படி ஒன்றும் புழுக்கம் இல்லை.

"சார், நீங்க சாப்பிட்டீங்களா?"

"தேர்வாளர்கிட்ட சொந்த விஷயம்... பேசறதுக்கு... ரெண்டு மார்க்..." நாக்கு குழறியது. பேனா கீழே விழுந்தது. பின்னாலேயே தேர்வாளரும்.

மேற்பார்வையாளர் அம்மையார் பதறவில்லை. சுவரில் தொங்கிய அவசரக்கால வழிகாட்டியை எடுத்து, உரத்த குரலில் படித்தார்: "முதல் படி. பதிவு பெற்ற செவிலியர் ஒருவரை உடனே அழைக்கவும்." அழைத்தார். ஒலிபெருக்கியில் கட்டடம் முழுக்கக் கேட்டது. அது செவிலியர் தகுதி மன்றம்; உள்ளே இருந்த அலுவலர்கள் ஒருவரும் ஐந்து வருஷத்துக்குள் நோயாளியைப் பார்த்தவர்கள் இல்லை, அதனால் விதிப்படி யாருக்கும் பதிவு இல்லை. வெளியே வரிசையில் இருநூற்று நாற்பது நர்ஸ்கள் நின்றார்கள். அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். வந்து, கதவு வாசலில் போட்டிருந்த மஞ்சள் கோட்டில் நின்றுகொண்டார்கள். பதிவு இல்லாதவர்கள் அதைத் தாண்டக் கூடாது.

"மூச்சைப் பாரு!" "சட்டைப் பொத்தானைத் தளர்த்து!" "சுகர் பேஷண்ட்டா இருக்கும்டி!" என்று மஞ்சள் கோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து பல நாட்டு அனுபவம் ஒரே நேரத்தில் பேசியது.

சிஸ்டர் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தார். அதை அவர் யோசித்தாரா என்றால், இல்லை. கைதான் யோசித்தது. நாடி பார்த்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, பொம்மையின் தட்டில் இருந்த சர்க்கரைக் கருவியை எடுத்தார். பொம்மைக்கு ரத்தம் இல்லாததால் அதுவரை யாரும் தொடாத கருவி. விரலில் ஒரு குத்து. முப்பத்தெட்டு; எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. "என்னைப் பாருங்க, முழுங்க முடியுதா?" என்று கேட்டு, அவர் அரை மயக்கத்திலேயே தலையசைத்து எச்சிலை விழுங்கிக் காட்டியதும் தூக்கி உட்காரவைத்தார். தேநீர்த் தட்டிலிருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாய் வாயாகப் புகட்டினார். பதினோரு நிமிஷத்தில் தேர்வாளருக்கு முகத்தில் ரத்தம் ஓடியது. கண்ணைத் திறந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தேர்வு நேரம் முடிஞ்சுது" என்றார்.

பத்து நாள் கழித்து ஓர் உறை வந்தது. உள்ளே இரண்டு கடிதம். வீட்டுக்காரர் இரண்டையும் இரண்டு தடவை படித்தார்.

"இதுல, அஞ்சு வருஷமா நீ நர்ஸ் வேலையே பாக்கல, அதனால நீ நர்ஸ் இல்லைனு போட்டிருக்கு. இதுல, போன வாரம் நீ நர்ஸ் வேலை பாத்துட்டே, அதனால விசாரணைக்கு வரணும்னு போட்டிருக்கு. ரெண்டுலயும் ஒரே கையெழுத்து."

சிஸ்டர் முதல் கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "எலும்பு இருநூத்தாறு" என்றார் கடைசியில், யாரிடமோ சொல்வதுபோல. வீட்டுக்காரர் எழுந்து போய் விளக்கு சரியாக எரிகிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

விசாரணை பெரிய அறையில் நடந்தது. நீள மேஜையின் நடுவில் மன்றத்தின் தலைவி. ஒரு பக்கம் செயலாளர். இன்னொரு பக்கம் சாட்சியாகத் தேர்வாளர், சட்டைப்பையில் பிஸ்கட் பொட்டலத்தோடு.

தலைவி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, இந்த நாடு உங்களை இரு கரம் நீட்டி வரவேற்குது. ஆனா கரம்னு இருந்தா அதுக்கு ஒரு நீளம் இருக்கும். நோயாளியோட பாதுகாப்புதான் எங்க உயிர்மூச்சு. அதனாலதான் தகுதி உறுதியாகாத ஒரு கை எந்த நோயாளி மேலயும் படக் கூடாதுங்கிறோம். நோயாளி இறந்துபோனா அது இயற்கை. தப்பான ஆள் காப்பாத்திட்டா அது எங்க பொறுப்பாயிடும். நானும் ஒருகாலத்துல நோயாளிகளைப் பாத்தவதான். இப்போ இருபத்திரண்டு வருஷமா கோப்பைப் பாக்கறேன். அனுபவத்துல சொல்றேன், கோப்புதான் நிலையா ஒரே மாதிரி இருக்கும். நோயாளிங்க மாறிக்கிட்டே இருப்பாங்க."

செயலாளர் குற்றச்சாட்டைப் படித்தார். உயிருள்ள நபரின் விரலில் குத்தியது. அறிமுகம் செய்துகொள்ளாமல் நாடி பிடித்தது. மன்றத்துக்குச் சொந்தமான சர்க்கரை நான்கு கரண்டி.

"சாட்சி சொல்லலாம்" என்றார் தலைவி.

தேர்வாளர் எழுந்தார். "குற்றச்சாட்டு உண்மைதான். நாடி, ரத்தப் பரிசோதனை, முழுங்க முடியுதானு சோதிச்சது, சர்க்கரை குடுத்தது, எல்லாம் முறைப்படி நடந்தது. ஒரு முழுமையான செவிலியர் எப்படிச் செய்வாரோ, வரிசை மாறாம அப்படியே செஞ்சாங்க. பதினோரு நிமிஷம். எழுத்துல குடுத்திருக்கேன்."

"ஆக, இது செவிலியர் பணிதான்?"

"சந்தேகமே இல்லாம."

"என்ன சொல்றீங்கம்மா?"

"அவர் மயங்கி விழுந்துட்டாருங்க" என்றார் சிஸ்டர்.

"அதைக் கேக்கல."

"எனக்கு அது மட்டும்தாங்க தெரிஞ்சுது."

தலைவி பேனாவை எடுத்தார். "விதி பதினேழின்படி மூணு மாசம் இடைநீக்கம்னு..."

"ஒரு சின்ன விஷயம் அம்மா" என்றார் தேர்வாளர். "விதி பதினேழு பதிவு பெற்ற செவிலியருக்குத்தான் பொருந்தும். இவங்களுக்குப் பதிவு இல்ல. இல்லாததை எப்படி நீக்கறது?"

செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டப் புரட்டத் தேர்வாளர் சொன்னதே சரியாகிக்கொண்டிருந்தது.

"போலீஸ்ல குடுத்துடலாமா?" என்றார் செயலாளர்.

"குடுக்கலாம்" என்றார் தேர்வாளர். "உங்க கட்டடத்துலயே ஒரு நர்ஸ் இல்லையானு கேப்பாங்க."

தலைவி முகம் சுளித்தார். "தண்டிக்காம விடவும் முடியாது. விட்டா நாளைக்கு ஆளாளுக்குக் காப்பாத்த ஆரம்பிச்சுடுவாங்க."

"அதே விதியில 'ஆ'னு ஓர் உட்பிரிவு இருக்கு" என்றார் தேர்வாளர். "ஒருத்தர் சமீபத்துல செவிலியர் பணி செஞ்சது மன்றத்துக்கு நிரூபணமாகி, பதிவேட்டுல பேர் மட்டும் விட்டுப்போயிருந்தா, நடவடிக்கை எடுக்கிறதுக்காகத் தலைவரே எழுதிச் சேர்க்கலாம்."

"சமீபத்திய பணிக்கு அத்தாட்சி?"

"குற்றப்பத்திரிகையே இருக்கு. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

தலைவியின் முகம் தெளிந்தது. "ஒழுங்கா தண்டிக்கணும்னா ஒழுங்கா சேர்த்துத்தானே ஆகணும். பதிவேட்டைக் கொண்டாங்க."

சிஸ்டர் விண்ணப்பித்ததிலிருந்து நாலு வருஷம் பதினோரு மாசம் திறக்காத பதிவேடு ஆறு நிமிஷத்தில் திறந்து மூடியது. அப்பா, வீட்டுக்காரர் யாரும் முன்னால் நிற்காமல், அவருடைய பெயரை மட்டும் எழுதி எதிரே ஏழு இலக்க எண் ஒன்றைப் போட்டார்கள். அடுத்த கட்டத்தில் சிவப்பு மையில் 'இடைநீக்கம், மூன்று மாதம்'. செயலாளர் கடமை தவறாதவர். இடைநீக்கக் காலமும் பணிக்காலமாகவே கருதப்படும் என்று விதிப்படி அடியில் சேர்த்தார்.

சிஸ்டர் நிமிர்ந்து தேர்வாளரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அது அந்த மாதிரி முகம். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து, கடிகாரத்தைப் பார்த்து, சரியாக ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வாசலில் சக்கரப் பெட்டியோடு நின்ற வீட்டுக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார்.

"என்ன ஆச்சு?"

"மூணு மாசம் சஸ்பெண்ட்."

"அய்யய்யோ!"

"நர்ஸைத்தான்யா சஸ்பெண்ட் பண்ண முடியும்" என்றார் சிஸ்டர். ஏழு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஐந்தாவது இலக்கத்தில் குரல் உடைந்துவிட்டது. மீதி இரண்டை வீட்டுக்காரர் அவர் கையிலிருந்த உத்தரவுத் தாளைப் பார்த்து முடித்தார்.

வரிசை இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் இருந்த பெண் பின்னால் இருந்தவளிடம் சொன்னாள், அவள் அடுத்தவளிடம். கடைசி ஆள் வரைக்கும் செய்தி போய்ச் சேர இரண்டு நிமிஷம் ஆயிற்று. பிறகு இருநூற்று நாற்பது நர்ஸ்களும் மெல்லத் திரும்பி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியைப் பார்த்தார்கள்.

அவர் கொஞ்சம் கனத்த சரீரம். வாசல்படி ஏறி வந்ததில் லேசாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றாள் முதல் பெண், அளவு கடந்த பரிவோடு. "உங்களுக்கு பிரஷர் ஏதாவது இருக்கா?"